வெறும் வயிற்றுக் கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால் எரிச்சல் எப்படி இருக்கிறது?

வீட்டுச் சர்க்கரை மீட்டரில் தினமும் நூற்றிருபதுதான் வருகிறது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி மட்டும் எப்படி எட்டரை சதவீதத்துக்கு ஏறியது என்று லேப்காரரிடம் மல்லுக்கு நின்றாயாமே? தங்கை சொன்னாள். அவரை விடு. நீ பார்ப்பதெல்லாம் காலையில், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து, டாக்டரிடம் காட்டு.

நானும் இங்கே குளிர்பதனக் கிடங்கில், காலையில் கதவு திறக்கும் முன் மட்டும்தான் வெப்பமானியைப் பார்த்தேன். மதியத்துக்குள் ஐஸ்கிரீமெல்லாம் கூழாகிவிட்டது. மேலாளர் காய்ச்சி எடுத்துவிட்டார்; வேலை போகவில்லை, பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துத் தலைவாரி வீடியோவில் வந்தால், "என் புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்கிறாய். அதுவும் வெறும் வயிற்றுக் கணக்குதான் அம்மா.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மற்ற நாளிலும் கூப்பிடு.

உன் மகன்