ஆளில்லாமல் வந்த பால்

அக்கா,

இன்று காலை நாமக்கல் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் நேற்றைய மல்லிகையை வைத்திருந்தாள். உடம்புச் சூட்டில் வாடி, லேசாகப் புளித்த மணம். நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டேன். மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு மணமாக இருக்கலாம். எனக்கு அது, பால் வற்றுவதற்காக அம்மா உன் மார்பில் துணியோடு இறுக்கிக் கட்டிய பூவின் மணம். உனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. பரமத்தி வேலூரில் நம் வெற்றிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, யாரோ காதுக்குள் ஏசுவதாக நீ சொன்னாய். அப்பா உன்னைச் சேலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் குரல்கள் அடங்கின. "இப்பத்தான் புள்ள, நான் நெனைக்கறது எனக்கே கேக்குது" என்று என்னிடம் சொன்னாய். வாய் உலர்ந்தது, பகலிலும் தூங்கி விழுந்தாய். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மாதவிலக்கு நின்றது. ஒருநாள் ரவிக்கை நனைந்தது. அம்மா கதவைச் சாத்தினார்.

"யாரு புள்ள அவன்?"

"யாருமில்லீங்மா."

"ஆளில்லாம பாலு எங்கிருந்து வரும்?"

அப்பாவின் தங்கை சுவரோரம் நின்று சிரித்தாள். "கன்னு போடாம எந்த மாடுங்க அண்ணி கறக்குது?"

அப்பா இடுப்பு வாரைக் கழற்றினார்.

நாமக்கல்லில் ஒரு பெண் டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, கர்ப்பம் இல்லை என்றார். திரும்பி வரும்போது பேருந்திலேயே அம்மா முடிவு கட்டிவிட்டார்: "அப்ப எங்கியோ கலைச்சுட்டு வந்திருக்கறா."

அந்தப் பெண் டாக்டரிடம் பாலைச் சொன்னார்கள், மாத்திரையைச் சொல்லவில்லை. பைத்தியம் என்ற பேர் வந்துவிடுமாம். சேலத்து டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள், பாலைச் சொல்லவில்லை. ஆம்பளை டாக்டராம், வெட்கமாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தது நீ ஒருத்திதான். "மாத்திரை தின்ன பொறவுதான் புள்ள இது வந்துச்சு. நிறுத்திப் பாக்கறேன். பாலு நின்னா என்னை நம்புவாங்கல்ல?"

நிறுத்தினாய். பால் நின்றது. பூ வேலை செய்துவிட்டது என்றார் அம்மா. கலைத்தவளுக்கு இத்தனை நாள்தான் ஊறும் என்றாள் அத்தை. நீ கொடுத்த சாட்சியம் உனக்கு எதிராகவே போயிற்று.

குரல்கள் திரும்பி வந்தன. இந்த முறை அவையும் அம்மாவின் கேள்வியையே கேட்டன. யாரு அவன், யாரு அவன் என்று நீயே உரக்கச் சொல்லத் தொடங்கினாய். கிணற்றடி மோட்டார் அறையில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது. டாக்டரைக் கூப்பிட யாரும் போகவில்லை.

நான் பத்திரிகையில் சேர்ந்த பிறகு, மருந்துகளைப் பற்றி எழுதும்போது ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். மூளையில் டோபமின் என்ற பொருள் வந்து உட்காரும் ஏற்பிகளில் அந்த மாத்திரை உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் குரல்கள் அடங்குகின்றன. ஆனால் அதே ஏற்பிகள் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் இருக்கின்றன. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை அங்கே அடக்கி வைத்திருப்பது டோபமின்தான். மாத்திரை அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டால் அடக்க ஆளில்லை. பால் வருகிறது, விலக்கு நிற்கிறது. வாய் உலர்ந்ததற்கு வேறொரு ஏற்பி, தூக்கத்துக்கு இன்னொன்று. அந்த மாத்திரை எல்லாவற்றிலும் போய் உட்காரும் வகை. "பாடப் புத்தகத்திலேயே இருக்கும்மா" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

போன மாதம்தான் அம்மாவிடம் இதைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப ஆளே இல்லியா?"

"இல்லீங்மா."

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "செரி. யாருகிட்டயும் சொல்லாத சாமி. ஊருக்குள்ள அவ கெட்டவளாவே இருந்துட்டுப் போகட்டும். செத்தவளுக்கு என்ன. இல்லீன்னா நாங்கல்ல கெட்டவங்களாயிருவோம்?"

உன்னைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருப்பது, அம்மா அன்று உன்னிடம் கேட்ட கேள்விக்கான இந்தப் பதில்தான். இந்தக் கடிதத்தை, ஊர்ப் பெயரைக்கூட மாற்றாமல், அச்சுக்குக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது. எழுத்துக் கூட்டியாவது தினமும் பத்திரிகை படித்துவிடுகிறார்.