ஹைட்ரஜன் உணர்திறன்

இரவு நாள் 3, 06:10. பணியில்: ஒருவர்

உலை வெப்பம் இயல்பு. மின்சாரம் இயல்பு. உள்ளறை இருபத்தொரு டிகிரி.

"பணியில்" என்ற இடத்தில் மூன்று நாள் முன்பு வரை "இருவர்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். கோமதிநாயகம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வெள்ளிநிறப் பையில் வைத்து, காற்றுப் போகாமல் ஒட்டி, வெளிக்கிடங்கில் கிடத்தியிருக்கிறேன். நிலவில் ஓர் இரவு என்பது பூமியின் பதினான்கு நாள். விடியும்போது கப்பல் வரும். அவரை ஏற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: என் பெயர் ஜெசிந்தா. உலை இயற்பியல். ஊர் தூத்துக்குடி. இன்று மாதக் கணக்கை ஓட்டினேன். உலைக்குள் ஒரு நியூட்ரான் அடுத்த தலைமுறையில் எத்தனையாகிறது என்பதுதான் பெருக்கெண். சரியாக ஒன்று என்றால் உலை எரியும். ஒன்றுக்குக் கீழே போனால் அணையும். உலையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் ஒரு சதவீதம் கூட்டினால் அந்த எண் எவ்வளவு அசையும் என்று கணினி ஒரு கோப்பு தரும். அந்த அசைவுக்கு உணர்திறன் என்று பெயர். நான் அதைப் படித்து, வரைபடமாக்கித் தரைக்கு, அதாவது பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு, அனுப்புவேன். தலைப்பே இல்லாத ஐந்தாயிரம் வரி எண்கள். இதை வடிவமைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன்.

அண்ணனின் மனைவியிடமிருந்து ஒரு செய்தி:

"ஜெசி, வடிவு பேசுதேன். இங்க எல்லா ஏற்பாடும் ஆயிட்டு. அவுக மொகத்த ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும் எனக்கு. அவுகள பத்திரமா கொண்டாந்துரு தாயி."

கொண்டுவருகிறேன் மதினி என்று பதில் சொன்னேன்.

இரவு நாள் 4, 14:35. பணியில்: ஒருவர்

உலை அணைந்துவிட்டது.

உலையைச் சுற்றி ஆறு தண்ணீர்த் தொட்டிகள் வளையமாக நிற்கின்றன. வெளியே ஓடப்பார்க்கும் நியூட்ரான்களை அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் தட்டி உள்ளே திருப்பும். ஐந்தாம் தொட்டி விரிசல் விட்டது. வெளியே காற்று இல்லை. நான் திரையைப் பார்த்து முடிப்பதற்குள் தண்ணீர் ஆவியாகிப் போயிற்று. நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை முழுக்க வெளியே இழுத்தேன். பெருக்கெண் 0.9950. அதற்கு மேல் இழுக்க எதுவும் இல்லை.

பேட்டரி ஐந்து நாள் தாங்கும். கப்பல் வரப் பத்து நாள். ஹீட்டரைக் குறைத்தால் ஆறு நாள். முன்னதாகக் கப்பல் விட முடியாது என்று தரையில் சொல்லிவிட்டார்கள். அதாவது, நான் குளிரில் செத்துப்போவேன். எழுதிப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை.

இரவு நாள் 4, 19:20. பணியில்: ஒருவர்

தரையில் என்னுடன் கணக்குப் பார்ப்பவர் பீர்முகமது. மேலப்பாளையத்துக்காரர். எதற்கும் பதறாத ஆள்.

"அக்கா, கையில கெடச்சத எல்லாம் உலைகிட்ட அடுக்கிராதீய. சிலது நியூட்ரான முழுங்கிரும். அஞ்சாம் தொட்டி இல்லாம கணக்க ஓட்டுங்க. உணர்திறன் படத்தப் போட்டு அனுப்புங்க. எது தூக்கிவிடுதுன்னு பாத்துட்டு செய்வோம்."

ஓட்டினேன், வரைந்தேன், அனுப்பினேன்.

"என்னக்கா இது, பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு. பட்டைய எல்லாம் அகலத்தால வகுத்தீயளா?"

வகுக்கவில்லை. கோப்பில் நியூட்ரானின் ஆற்றல் பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும்; ஒரு பட்டை அகலமாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருக்கும். ஒவ்வொன்றையும் அதன் அகலத்தால் வகுத்தால்தான் உண்மையான வடிவம் தெரியும். முதல் வருட மாணவன் செய்கிற பிழை. உள்ளறை நான்கு டிகிரி, மூளையும் அதே அளவில்தான் இருக்கிறது.

வகுத்தேன். படம் தெளிந்தது. இரும்பு பூஜ்யக் கோட்டுக்குக் கீழே, அதாவது நியூட்ரானை விழுங்கும். போரான் அதற்கும் கீழே; அது இருக்கிற எதையும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. கோட்டுக்கு மேலே, ஐந்தாம் தொட்டி இருந்த இடத்தில், ஒரே ஒரு மேடு. ஹைட்ரஜன்.

இரவு நாள் 5, 11:00. பணியில்: ஒருவர்

காலை முழுக்க ஹைட்ரஜன் பொறுக்கினேன். குடிதண்ணீரில் எனக்கு வேண்டியது போக மீதி. சிறுநீர்த் தொட்டி. பாலித்தீன் தட்டுகள். ஊறுகாய், எண்ணெயோடு. அண்ணன் பெட்டியில் இரண்டு பாட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. வழுக்கைத் தலைக்கு எதற்கு எண்ணெய் என்று கேலி செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் பைகளில் அடைத்து, கிரேன் கையால் உலைக்குழியில் இறக்கி, காலியான இடத்தில் அடுக்கினேன்.

பெருக்கெண் 0.9977.

இந்த நிலையத்தை எடை குறைய வேண்டும் என்றே கட்டினார்கள். சோற்றைக்கூட உலர்த்தித்தான் அனுப்பினார்கள். இனிப் பொறுக்க ஒன்றும் இல்லை. இடது கையில் மூன்று விரல்கள் மரத்துவிட்டன. கிள்ளிப் பார்த்தேன், வேறு யாருடைய விரலையோ கிள்ளுவதாக இருந்தது.

இரவு நாள் 5, 17:45. பணியில்: ஒருவர்

பீர்முகமது என் எண்ணை மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு:

"அக்கா, ஒண்ணு இருக்கு. அத நான் என் வாயால சொல்லமாட்டேன். ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். நேற்றுப் படத்தைப் பார்த்தபோதே தெரியும். மனித உடம்பில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்.

உள்ளீட்டில் புதுப் பொருள் சேர்த்தேன். பொருள் எண் 14. எழுபத்தாறு கிலோ. ஹைட்ரஜன் பத்து சதவீதம், ஆக்சிஜன் அறுபத்தைந்து, கரி பதினெட்டு, மீதி சில்லறை. கணினி பெயர் கேட்டது. நாயகம் என்று போட்டேன். வேறு என்ன போடுவது?

1.0004.

வரைபடம் தானாக விளக்கப் பெட்டி போட்டுக்கொண்டது. யுரேனியம், இரும்பு, தண்ணீர், நாயகம். பச்சைக் கோடு.

சும்மா ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குப் பதில் என்னைப் போட்டு ஓட்டினேன். ஐம்பத்திரண்டு கிலோ. போதவில்லை. எண்களைப் பீர்முகமதுவுக்கு அனுப்பினேன்.

"உலைகிட்ட வச்ச எதையும் கப்பல்ல ஏத்த விடமாட்டாங்க அக்கா. கதிர்வீச்சு. வச்சா வச்சதுதான். திரும்ப எடுக்க முடியாது. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க பண்ணிருங்க. அந்த அக்காவுக்குப் பொறவு மெதுவா சொல்லிக்கிடலாம்."

முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று வடிவு மதினி சொன்னது காதிலேயே நிற்கிறது. மெதுவாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது. மதினியை லைனில் கொண்டுவரச் சொன்னேன்.

இரவு நாள் 5, 21:30. பணியில்: ஒருவர்

எல்லாவற்றையும் சொன்னேன். உலை, தொட்டி, ஹைட்ரஜன், திரும்ப எடுக்க முடியாது என்பது, எதையும் மறைக்கவில்லை. மதினியின் பதில்:

"என்ன பேச்சு பேசுத நீ. அவுகள நீ கொண்டாந்துருவன்னு நான் ஒக்காந்திருக்கேன். நீ அடுப்புப் பக்கத்துல வைக்கட்டுமான்னு கேக்க. வெறகா அவுக? நீ நல்லா இருப்ப. லைன வைக்கச் சொல்லு அந்தாள."

சரி என்று மட்டும் சொன்னேன்.

கேட்காமலே செய்திருக்கலாம். இங்கே பார்க்க யாரும் இல்லை. கிடங்குக் கதவு இருபது அடியில் இருக்கிறது. ஆனால் கேட்டாயிற்று, வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டு ஆள் அவர்.

பாதுகாப்பு உடைக்குள் படுத்திருக்கிறேன். உள்ளறை மைனஸ் ஆறு. நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது. தட்டச்சு வலது கையால் மட்டும். கோபம் இல்லை. பயமும் இல்லை. உணர்திறன் பூஜ்யம் என்று எழுதி, சிரிப்பு வருமா என்று பார்த்தேன்.

இரவு நாள் 6, 09:05. பணியில்: ஒருவர்

மின்னழுத்தம் இறங்குகிறது. ஆறு நாள் தாங்காது போலிருக்கிறது. குளிரில் பேட்டரியும்

பேட்டரியும் சாகும். மறந்துவிட்டேன்.

மதினி திரும்ப லைனில் வந்தார்கள். பேசியதை அப்படியே பதிகிறேன்.

"ஜெசி, இருக்கியா?"

"இருக்கேன் மதினி."

"ராத்திரி பூரா யோசிச்சேன். அவுகளுக்குக் குளிருனாலே ஆகாது. குத்தாலத்துக்குப் போனா நான் அருவிக்குப் போவேன், அவுக துண்டப் போத்திகிட்டு டீக்கடையில ஒக்காந்திருப்பாக. அந்தக் கிடங்குல எம்புட்டுக் குளிரு?"

"மைனஸ் நூத்தி அறுவது மதினி."

"உலைகிட்ட?"

"எரிஞ்சா வெதுவெதுப்பா இருக்கும்."

 

"அப்ப அங்கனயே வையி. நீயும் போயிட்டேன்னா கடைசியில அவுக என்ன பேசுனாக, எப்படி இருந்தாகன்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா? நீ வந்து எனக்கு மொகத்துக்கு நேரா சொல்லணும். கேட்டியா?"

"வந்து சொல்லுதேன் மதினி."

"பையத் தொறந்து ஒரு தடவ மொகத்த மட்டும் காட்டிட்டு வையி."

பையைத் திறக்க முடியாது, திறந்தால் மறுபடி ஒட்ட வராது, உலைச் சூட்டில் ஈரம் போய்விடும் என்றேன். சரி விடு என்றார்கள். அதைச் சொன்னபோதுதான் அவர்கள் குரல் உடைந்தது.

இரவு நாள் 6, 13:50

கிரேன் கை இரண்டு தடவை நின்றது. மூன்றாம் தடவை குழிக்குள் நானே இறங்கித் தள்ளினேன். கதிர்வீச்சு அளக்கும் டோசிமீட்டரைப் பார்க்கவில்லை, பார்த்து என்ன செய்ய. அண்ணன் குட்டை. தொட்டி உயரத்துக்குச் சரியாக நின்றார். எண்ணெய் பாட்டில் ஒன்று தோளில் சாய்ந்திருந்தது, எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

ஏறி வந்து தண்டுகளை இழுத்தேன். 0.9990. 0.9996. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அண்ணே, வாங்கண்ணே என்று சத்தமாகச் சொன்னேன். ஆறு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து அவரிடம் பேசுகிறேன்.

1.0000. 1.0003.

தண்டை ஒரு நூல் உள்ளே விட்டேன். ஒன்றில் நின்றது.

இரவு நாள் 7, 06:10

உலை வெப்பம் இயல்பு. மின்சாரம் இயல்பு. உள்ளறை பதினெட்டு டிகிரி, ஏறிக்கொண்டிருக்கிறது.

இடது கை விரல்களுக்கு உணர்வு திரும்புகிறது. ஊசி ஊசியாகக் குத்துகிறது. விரலில் ஆரம்பித்த அழுகை நிற்கவே மாட்டேன் என்கிறது. தட்டச்சில் பிழை இருந்தால் படிப்பவர் பொறுத்துக்கொள்ளவும்.

உணர்திறன் கணக்கை மறுபடி ஓட்டினேன். அகலத்தால் வகுத்தேன். படம் சுத்தமாக இருக்கிறது. பச்சைக் கோடு ஐந்தாம் தொட்டியின் இடத்தில், தண்ணீர் இருந்தபோது மேடு எங்கே இருந்ததோ அங்கேயே. விளக்கப் பெட்டியில் பெயரை மாற்றட்டுமா என்று பீர்முகமது கேட்டார். வேண்டாம் என்றேன்.

நேற்றிலிருந்து தலைப்பில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

பணியில்: இருவர்.