குனியாமல் எழுதியது

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பாப்பாவும் சாவியும் பக்கத்து வீட்டு அக்காவிடம். நான் பிசியோதெரபிக்குப் போகிறேன்.

"ஆபரேஷன் ஆகி நாலு மாசமாச்சு, இன்னுமா இடுப்பு வலி? எல்லாம் மனசுதான்" என்று நேற்று தீர்ப்புச் சொன்னீர்கள். கிடங்கில் நூறு பேருக்குப் பாரம் தூக்கப் பாடம் நடத்துகிற பாதுகாப்பு அதிகாரி ஆயிற்றே, உங்களுக்குத் தெரியாததா! தொட்டிலுக்கு மேலே நீங்கள் ஒட்டிய கிடங்குப் போஸ்டரில் முழங்காலை மடக்கிப் பெட்டி தூக்குகிறவனுக்கு வயிற்றில் தையல் இல்லை. தளர்ந்துபோன வயிற்றுத் தசையின் வேலையையும் இடுப்புத் தசையே செய்கிறது என்று பிசியோதெரபி அம்மா சொன்னதை உங்களிடம் சொன்னேன். கொட்டாவி விட்டீர்கள்.

இன்று காலை பாப்பாவைத் தூக்கக் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்படியே தரையில் சரிந்தேன். அவள் கத்திக் கத்தி அழுதாள். தொட்டில் கம்பி வழியே ஒரு விரலைத்தான் நீட்ட முடிந்தது. உங்களுக்கு ஐந்து தடவை போன் அடித்தேன். வகுப்பில் இருந்தீர்களாம். அரை மணி கழித்து, அழுகை கேட்டு அக்காதான் தன்னிடமிருந்த மாற்றுச் சாவி போட்டுத் திறந்து வந்தார்.

(பேனா கீழே விழுந்துவிட்டது. மீதி பென்சிலில்.)

போஸ்டரைக் கிழித்துவிட்டேன். திட்டுவதானால் சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பி.கு.: அக்கா தூக்கியதும் பாப்பா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. நாலு மாதக் குழந்தைக்குக் கோபமெல்லாம் தெரியாது என்பீர்கள். வந்ததும் அதை மட்டும் ஒரு தடவை சொல்லுங்கள், நம்பிக்கொள்கிறேன்.