கீழத்தெருவில் ஒன்று

பிப்ரவரி 19

அன்பு மகள் ரோஸ்லினுக்கு,

அம்மா ஸ்டெல்லா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நீ எழுந்து நடமாடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், அது போதும். இந்தப் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இருபது வருஷம் பிரிட்டோ, பிரிட்டோ என்று கத்திக் கூப்பிட்ட வாய்க்கு இது புதுசு. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உன் போனை உன் அண்ணன் அம்மியில் வைத்து நசுக்கிவிட்டான். புது நம்பர் எனக்குத் தெரியாது. கேம்ப்பில் மைக் பிடித்துப் பேசினாரே அந்தத் திருநங்கை அக்கா, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தன்னோடு சென்னைக்குக் கூட்டிப் போனவர், அவரிடம் கேட்டேன். நம்பர் தர மாட்டேன், கடிதம் எழுதினால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றவளுக்கே நம்பர் கிடையாதா என்று கேட்டேன். பெற்ற வீட்டிலிருந்துதானே அவள் ஸ்ட்ரெச்சரில் வந்தாள் என்று பதில் சொன்னார். 

தாடை எலும்பு கூடிவிட்டதா? வெறும் கஞ்சியாகக் குடிக்காதே, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக்கொள். இடது காது கேட்கிறதா? முதுகில் தையல் பிரித்த இடம் அரிக்கும், நகத்தை வைக்காதே. உன்னோடு அடிபட்ட சேவியர் மகனுக்கு இரண்டு பல் கட்டியாகிவிட்டது. ஆனால் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. கோயிலில் அவன் வாசிக்கிற கீபோர்டு மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைப்பாய். ஒரு பகுதி தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் வில்லியனூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஐம்பது பேர் என்.எஸ்.எஸ். கேம்ப் என்று வந்து நம் பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் தங்கினார்களே, அவர்கள்மேல் எனக்குப் பாசம்தான். காலையில் வாய்க்கால் தூர் வாரினார்கள். பாதிப் பேருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை, நான்தான் போய்க் காட்டிக் கொடுத்தேன். மத்தியானம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, சாயங்காலம் கூட்டம். இரண்டாம் நாள் கூட்டத்தில் அந்த அக்கா, தான் வீட்டில் பட்ட அடியையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். பின்னால் நம் ஊர் ராஜேஷும் அவன் கூட்டாளிகளும் விசிலடித்தார்கள். நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் மேடையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும்டி. ரொம்ப வருஷமாகத் தெரியும். நான் வேலைக்குப் போன பிறகு என் புடவையைக் கட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைப்பாய். என் மடிப்பைவிட உன் மடிப்பு நேராக இருக்கும். மக்கு, அதில்தான் மாட்டிக்கொண்டாய். நான் பீரோவைச் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டேன்.

கூட்டத்துக்கு மறுநாள் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி, கல்பனா, கணக்கெடுக்க வந்தாள். மண்ணாடிப்பட்டு பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண், ஆனாலும் கொல்லையில் என்னோடு சமமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆண், பெண், மற்றவர் என்று தாளில் மூன்று கட்டம். ஆண் மூன்று, பெண் ஒன்று என்றேன். எழுதிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. மாத்திப் போடும்மா, ஆம்பள ரெண்டு, அந்த மூணாவது கட்டத்துல ஒண்ணு என்றேன். அவள் அடித்து மாற்றி எழுதினாள். யார் வூட்ல, யார் சொன்னாங்கன்னு எதுவும் வெளிய போகாதும்மா, சத்தியம் என்றாள். ரேஷன் கார்டு மாதிரி சர்க்காருக்குப் போகிற தாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மனுஷியிடமாவது சொல்லிவிட்டோம் என்கிற நிம்மதியில் அன்றைக்கு மீன் குழம்புகூட நன்றாக வந்தது. நீகூட இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாய்.

ஆக, கீழத்தெருவில் அந்த ஒன்றைச் சொன்னது நான். கல்பனா இல்லை. ஏரிக்கரையில் நீ அவளை நம்பி உன் பெயரைச் சொன்னாயாமே, அதை அவள் யாரிடமும் விடவில்லை. ஆஸ்பத்திரியில், அவள்தான் வெளியே சொல்லிவிட்டாள் என்று நினைத்து, அவளைப் பார்க்க மாட்டேன் என்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்போதும் எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக அவள் வாயைத் திறக்காமல் அழுதுகொண்டே போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் சொல்லவில்லை.

பெயர் போகவில்லை, நிஜம்தான். ஆனால் கடைசி நாள் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவரில் பெயிண்டால் பெரிய கட்டம் போட்டு, கணக்கைத் தெருவாரியாக எழுதிவிட்டார்கள். ஊருக்குப் பயன்படுமாம். கீழத்தெரு, வீடு பத்தொன்பது, ஆண் நாற்பத்தொன்று, பெண் நாற்பத்துமூன்று, மற்றவர் ஒன்று. பத்தொன்பது வீட்டில் ஒருவரைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? படித்த பிள்ளைகளுக்கு அது தோன்றவில்லை. கூட வந்த மணிவண்ணன் சாருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சுவரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்போதே போய் அழிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் சொல்கிறாய் என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

ராஜேஷ் கூட்டம் முதலில் சேவியர் மகனைப் பிடித்தது. மெல்லிய குரலில் பாடுகிறான், அதுதான் குற்றம். மோட்டார் கொட்டகைக்கு இழுத்துப் போய், நீதானடா அந்த ஒண்ணு, அவுத்துக் காட்டுடா என்று துணியைக் கிழித்து, வாயில் கல்லால் குத்தி, விரல்களை மிதித்து நசுக்கினார்கள். நீ ஓடிப் போய், அவன வுடுங்க, நான்தான் என்றாயாம். சேவியர் அழுதுகொண்டே சொன்னார். அங்கே உன்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள். ஆனால் உன் தாடை உடைந்தது அங்கே இல்லை, நம் வீட்டில்.

உன் அண்ணன் அன்புராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தபோது, தம்பியை மீட்க வருகிறான் என்று சந்தோஷப்பட்டேன். அவன் உன் முடியைப் பிடித்துத் தெரு நெடுக இழுத்து வந்து கதவைத் தாழிட்டான். உன் அப்பா மோட்டார் பெல்ட்டை எடுத்தார். யார்கிட்ட சொன்ன, எவகிட்ட வாயத் தொறந்த என்று கேட்டுக் கேட்டு அடித்தார். யார்கிட்டயும் சொல்லலப்பா என்றாய். பொய் சொல்றியா என்று மறுபடி. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்வரை ரத்தம் தெறித்தது. கடைசியில் உன் அண்ணன் கிரிக்கெட் மட்டையை உன் முகத்தில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நீ சொன்னது நிஜம். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் என் வாயில் இருந்தது. நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெல்ட் என் பக்கம் திரும்பியிருக்கும். நான் கதவோரம் நின்றுகொண்டு மாதாவே, மாதாவே என்று முனகினேன். பதினேழு அடி. உன் அப்பாவை மிருகம் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அடித்தவர் அவர், அடிக்க விட்டவள் நான்.

நீயோ போலீசில் ராஜேஷ் கூட்டத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பா, அண்ணன் இரண்டு பேரையும் விட்டுவிட்டாய். போன ஞாயிறு பூசை முடிந்ததும் கட்சிக்காரர் நாகராஜன் சமாதானம் பேச வந்தார். அந்த ஒண்ண அழிச்சி சைபர் போட்டுட்டா நம்ம ஊர்ல அப்படி ஆளே இல்லன்னு ஆயிடும், கேசும் நிக்காது என்றார். கணக்கெடுப்பில் தப்பு என்று கல்லூரியிலிருந்தும் எழுதி வாங்கிவிடலாமாம். உன் அப்பா கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். தெருவே பின்னால் போனது.

நான் முந்திக்கொண்டு ஓடி, அந்த ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். இது தப்பில்ல, நான்தான் சொன்னேன், நான் பெத்தது எதுன்னு எனக்குத் தெரியும் என்று கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. கைய எடு என்றார் உன் அப்பா. எடுக்கவில்லை. இரும்பு வாளியை ஓங்கிப் போட்டார். முதல் அடியில் சுண்டுவிரல் போனது, மூன்றாவதில் மணிக்கட்டு. அப்போதும் எடுக்கவில்லை. சேவியர்தான் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார். சுண்ணாம்பும் ரத்தமும் சுவரெல்லாம் வழிந்தது. கைக்கு அடியில் இருந்த எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் இது இடது கை எழுத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்பனா தினமும் பஸ் ஏறி வந்து சோறு பிசைந்து ஊட்டுகிறாள். போலீஸ்காரம்மா வந்தபோது உன் அப்பா பெயரையும் அன்புராஜ் பெயரையும் சொன்னேன். என் கைக்கு மட்டும் இல்லை, உன் தாடைக்கும் சேர்த்து. புருஷனையும் புள்ளையையும் காட்டிக் குடுத்துட்டியே, இனி எங்க போவ என்று பக்கத்துக் கட்டில் கனகாம்பாள் கேட்டாள். மூலக்குளத்தில் சேவியருடைய அக்கா வீட்டில் ஒரு அறை இருக்கிறது, அங்கே போகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வா என்று எழுத மாட்டேன். உன் அண்ணன் வெளியே திரிகிறவரை பாகூர் பஸ்ஸில் ஏறாதே. கோர்ட்டில் கூப்பிட்டால் வா, பக்கத்தில் நிற்கிறேன். இந்த முறை வாயைத் திறப்பேன். என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் கல்பனாவுக்கு ஒரு வரி எழுது, அந்தப் பெண் சாப்பிடாமல் இளைத்துப் போய்விட்டது. அப்புறம், அந்த அக்கா உன்னைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிற மாத்திரைகளை அவர் கையில் கொடுத்துவிடு, என் கண்ணே.

நேற்று கல்பனாவிடம் கேட்டேன், நான் சொன்ன கட்டமாவது சரிதானா என்று. தயங்கித் தயங்கி, ரோஸ்லின் தன்ன பொண்ணுன்னுதாம்மா சொன்னாங்க என்றாள். பார், கையை உடைத்துக்கொண்டு காப்பாற்றியதும் தப்புக் கணக்குத்தான். பெற்றவளுக்கு மூன்றாவது கட்டம்வரைதான் நடக்கத் தெரிந்தது.

அடுத்த முறை யாராவது தாளோடு வந்து கேட்டால் வாசலிலேயே சொல்வேன், பெண் இரண்டு என்று. ஒன்று நான். வில்லியனூர் மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். நான் அதைச் சொல்கிற நாளில் அந்த இன்னொரு பெண் உயிரோடு இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஸ்டெல்லா