வெளியே வரும் நேரம்

டாம்சன் ஃபிளாட், யூட்டா
9 ஜூலை 1995

அன்பு மகன் கெண்டலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் டெனிஸும் சிகாகோ புழுக்கத்தில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செப்டம்பரில் டெனிஸை அழைத்துக்கொண்டு ரேவன் பள்ளத்தாக்கில் மூன்று நாள் நடக்கப் போவதாக எழுதியிருந்தாய். அப்பா இறந்த இடத்தைக் கல்யாணத்துக்கு முன் அவளுக்குக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. நீ யார் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா. அதனால் போவது என்றால் ஒழுங்காகப் போ.

அனுமதிச் சீட்டுக்கு இப்போதே எழுதிப் போடு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரைத்தான் விடுகிறார்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டாம் நாள் தண்ணீரை முதலிலேயே கொண்டுபோய் வடக்கு வளைவுப் பாறை அடியில் புதைத்துவிட்டு வாருங்கள். டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுது, இல்லாவிட்டால் கைவிடப்பட்டது என்று நினைத்து யாராவது குடித்துவிடுவார்கள். டெனிஸுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடு. அவள் பருத்தியில் வந்தால் இரண்டு மைலுக்குள் பாதம் கொப்பளித்துவிடும், அப்புறம் நீதான் சுமக்க வேண்டும். மழையைப் பற்றி உனக்குத் தெரியும். தலைக்கு மேலே தெரிகிற வானத்தை நம்பாதே. நாற்பது மைல் தள்ளிப் பீடபூமியில் பெய்தாலும் இடுக்குக்குள் வெள்ளம் வந்துவிடும்.

அப்பாவின் வரைபடம் கேட்டிருந்தாய். தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பயணத் தாளை ஓரின் சித்தப்பாவிடம் கொடுத்துவிடு. யார், எந்த வழி, வண்டி எண், வெளியே வரும் நேரம் எல்லாம் எழுதி அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும். நேரம் தாண்டினால் ஷெரிஃபைக் கூப்பிடுகிற பொறுப்பும் அவருடையது. எனக்குப் பள்ளிச் சமையலறையில் தலைக்கு மேல் வேலை. செப்டம்பரில் புதுப் பிள்ளைகள் வேறு சேர்ந்திருப்பார்கள். அவர் எப்போதும் வீட்டில்தானே இருக்கிறார்.

டெனிஸை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

டாம்சன் ஃபிளாட்
2 ஆகஸ்ட் 1995

அன்பு கெண்டல்,

உன் பதில் கிடைத்தது. அனுமதிச் சீட்டு கிடைத்ததில் சந்தோஷம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது தொலையவே இல்லை. என் துணி அலமாரியில் மேல் தட்டில்தான் இருந்தது. பென்சில் குறிகள் எல்லாம் அப்பா போட்டவை. சிவப்புப் புள்ளி நான் போட்டது. அப்பா விழுந்த அந்தக் குழி இருக்கிற இடம். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கக் கிளைக்குள் நீங்கள் இறங்கவே கூடாது, மேலே நின்று பாருங்கள், அது போதும்.

பயணத் தாள் விஷயத்தில் நீ எழுதின வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. “சித்தப்பாவெல்லாம் வேணாம்மா, நீதான் வச்சுக்கணும். அப்பா திரும்பாத அன்னிக்கு டாண்ணு பன்னெண்டு மணிக்கு ஷெரிஃபைக் கூப்பிட்டவ நீ. உன்னைவிட யாரை நம்புறது” என்று எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் நான் மறுபடி பொய்தான் சொல்வேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

நான் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடவில்லை.

89-ஆம் வருஷம் நடந்ததை நீ வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டிருப்பாய். அப்பா வருகிற நேரம் ஒரு மணி நேரம் தாண்டியது, நான் போன் செய்தேன். பதினாலு பேர் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக வந்தார்கள், ஹெலிகாப்டர் வந்தது. மனிதர் ஆந்தைக் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஆடி அசைந்து வெளியே வந்தார். நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே. வீணாகத் தேடவைத்தவன் அடுத்த சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் தேடின அத்தனை பேருக்கும் தோசைக்கல் முன்னால் நின்று பான்கேக் சுட்டுப் போட வேண்டும். ஷெரிஃப் பாய்ட் தட்டை நீட்டிக்கொண்டு, “எனக்கு ரெண்டு போடு வெர்ல், கருகாம. உன்னைத் தேடி என் முட்டியே போச்சு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். மளிகைக் கடையில் ஒரு மாதம் வரை என்னை விடவில்லை. “என்ன லரூ, வீட்டுக்காரர் பால் வாங்க வந்திருக்காரு, இன்னும் வீட்டுக்கு வரலையே, ஹெலிகாப்டருக்குச் சொல்லட்டுமா” என்பார்கள்.

அந்தப் பான்கேக் நாளில் வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “தாள்ல என்ன வேணா எழுதியிருக்கட்டும். இனிமே ஒரு நாள் பொறு. இன்னொரு வாட்டி ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கினே, நான் உங்கிட்ட சொல்லாமலே போயிடுவேன்” என்றார். அதன்பின் மூன்று நாள் பேசவில்லை.

91-ஆம் வருஷம் அவர் வெளியே வர வேண்டிய அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணி ஆனது. உருளைக்கிழங்கு சாலட் செய்து மூடி வைத்திருந்தேன். இரண்டு மணிக்குப் போனை எடுத்தேன், வைத்தேன். நாலு மணிக்கும் எடுத்தேன். மறுபடி தோசைக்கல் முன் அவர் நிற்கிற நிற்பு கண்ணில் வந்தது, வைத்துவிட்டேன். ஞாயிறு காலை சபைக்குப் போனேன். வெர்ல் எங்கே என்று கேட்டவர்களிடம் மெதுவாக வருவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சபை முடிந்து ஒரு மணிக்குக் கூப்பிட்டேன். “எத்தனை மணிக்கு வெளிய வரணும்னு எழுதியிருக்காரு” என்று பாய்ட் கேட்டார். பன்னிரண்டு என்றேன். “இன்னிக்கா” என்றார். நேற்று என்றேன். 

ஐந்து மணிக்குக் கண்டுபிடித்தார்கள். இடுப்பளவு தண்ணீர் நிற்கிற குழி. வெயில் படாத இடம், ஜூலையிலும் தண்ணீர் ஐஸ். வழுவழுப்பான சுவர், சறுக்கி விழுந்தவருக்கு ஏற முடியவில்லை. பெல்ட் கொக்கியால் சுரண்டிச் சுரண்டிக் கால் வைக்கக் குழி செய்திருந்தார். ஐந்து செய்திருந்தார். ஏழு வேண்டியிருந்திருக்கும் என்று பாய்ட் அளந்து பார்த்துச் சொன்னார். உயிர் போனது அன்று காலை எட்டு மணி வாக்கில் என்று டாக்டர் சொன்னார். எட்டு மணிக்கு நான் சபைக்கு உடுத்த உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ கடற்படைக் கப்பலிலிருந்து போன் செய்தபோது, அம்மா நேரத்துக்குக் கூப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்டாய். ஆமாம் என்றேன். ஓரின் சித்தப்பா பக்கத்தில் நின்றிருந்தார், திருத்தவில்லை. இந்த ஊரில் ஒருவரும் திருத்தவில்லை. நாலு வருஷமாக அந்த இரக்கத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, கெண்டல். என்னையும் பிடிக்கவில்லை.

நீ நம்புகிற ஆள் நான் இல்லை. தாளைச் சித்தப்பாவிடமே கொடு.

அம்மா

டாம்சன் ஃபிளாட்
27 ஆகஸ்ட் 1995

அன்பு கெண்டல்,

உன் தபால் அட்டை வந்தது. தாளைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டதாக ஒரே வரி. அன்புடன் என்றுகூட இல்லை. எனக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் நீ குளிக்கிறாய் என்றாள் டெனிஸ். பாவம், அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. நாலாவது தடவை கூப்பிட்டு அவளைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

உன் மௌனத்தை நான் பொறுத்துக்கொள்வேன். இப்போது எழுதுவது அதற்காக இல்லை.

நேற்றுச் சித்தப்பா வந்தார். கையில் உன் தாள். உன் கையெழுத்து அப்படியே அப்பாவுடையது. செப்டம்பர் 16, சனிக்கிழமை, மாலை நாலு மணி, கிழக்கு வாயில் என்று எழுதியிருக்கிறாய். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, “நீ கவலைப்படாதே லரூ, நான் பாத்துக்கிறேன்” என்றார். நாலு மணிக்கு வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “புதுசா நடக்கிற பொண்ணு, மெதுவாத்தான் வரும். ஏழு வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே வண்டியை எடுத்துட்டுப் போய் வாயில்ல ஒரு எட்டு பாத்துட்டு வருவேன். சும்மா சும்மா ஊரைக் கூட்டினா பையனுக்கு அசிங்கமா இருக்காதா. கட்டிக்கப்போற பொண்ணு முன்னாடி வேற” என்றார்.

 அவர் கெட்டவர் இல்லை. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். நானும் உன் அப்பாமேல் அப்படித்தான் வைத்திருந்தேன். ஏழு மணி, அப்புறம் வாயிலுக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம், அதற்குள் இருட்டிவிடும், ஹெலிகாப்டர் ஏறாது. சரி விடிந்ததும் பார்க்கலாம் என்பார்கள். இதை நான் அவரிடம் சொன்னேன். “நீ ரொம்ப யோசிக்கிறே” என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த ஊரில் யாரிடம் கொடுத்தாலும் இதுதான் நடக்கும். எல்லோரும் உன் மானத்துக்காகக் கொஞ்சம் பொறுப்பார்கள். பொறுக்கவே மாட்டாள் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். போன கடிதத்தில் நீ நம்புகிற ஆள் நான் இல்லை என்று எழுதினேன். அது தப்பு. வெட்கத்தில் எழுதினது. நான் செய்ததை நான் இன்னொரு தடவை செய்வேன் என்று நினைக்கிறாயா?

பாய்டிடம் போய்ப் பேசிவிட்டேன். என் வாயால் முழுவதையும் அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர், “தாள் உன் கையில இருந்தா, நாலு அடிச்சதும் நீ கூப்பிடு. ஏன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்” என்றார். சித்தப்பாவும் நீ ஒரு வரி எழுதினால் தாளை என்னிடம் தந்துவிடுவார். நீ சொல்லாமல் தர மாட்டேன் என்கிறார், அதுவும் நியாயம்தான்.

நாலு மணிக்கு நீங்கள் இருவரும் வாயிலுக்கு நூறு அடி தூரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்துகொண்டிருக்கலாம். வண்டியில் திரும்பும் வழியில் உங்களைத் தேடி ஊரே எதிரே வரும். உனக்கு ஆத்திரம் வரும். டெனிஸ் முன்னால் தலைகுனிவாக இருக்கும். அத்தனை பேர் முன்னிலையிலும் என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். வருஷக்கணக்கில் பேசாமல் இரு. எனக்குக் கல்யாண அழைப்பையே அனுப்பாமல் விடு. என்னிடம் கோபமாக இருக்க நீ உயிரோடு இருந்தால் எனக்கு அது போதும்.

ஆண்டவர் உங்கள் இருவரின் காலடியையும் காக்கட்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, கெண்டல். அதை நீ உன் சௌகரியம்போல் பார்த்துக்கொள். தாளை மட்டும் என்னிடம் கொடுக்கச் சொல்லிச் சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுது.

உன் அம்மா,
லரூ