ஓடுகிற போறணைக்குத்தான் கடன்

பாண் ரொட்டி வாசத்தோடு எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த என் பிரியமுள்ள ராமையா மச்சானுக்கு, உங்கள் மச்சினன் மாரிமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. திதிக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று லிந்துலைக் கடைவீதிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எழுத ஆள் வேண்டுமே என்று யாரோ இழுத்தார்கள். நான் இருக்கும்போது அந்தக் கேள்வி எதற்கு? தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஆறாம் வகுப்பு என்று ஒன்று அங்கே இருந்திருந்தால் அதையும் படித்திருப்பேன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், மற்றதில் கைவைக்காதீர்கள் என்று அச்சுக்கூடக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சின்ன மகள் கமலா உங்களைப் போலவே மாவைக் கையில் உருட்டிப் பார்த்து, தண்ணீர் போதாது என்கிறாள். தங்கச்சி பாக்கியம் கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். குரல் மட்டும் கனத்திருக்கிறது. அந்தக் குரலைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நீங்கள் பாண் சுட்ட அடுப்புக்கு, உங்கள் போறணைக்கு, நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பும் கண்ணாடித் துண்டும் பரப்பி, நீங்களே மண்டியிட்டுத் தளம் போட்ட போறணை அது. நீங்கள் போன பிறகு வந்த மழை உங்களுக்குத் தெரியாது. நுவரெலியா வாவியே எழுந்து வந்து லிந்துலை மேல் விழுந்தது மாதிரி பெய்தது. புகைக்கூண்டுப் பக்கம் தண்ணீர் இறங்கி, போறணையின் முதுகு வாயிலிருந்து பின்சுவர் வரை பிளந்துவிட்டது. சூடு நிற்கவில்லை. பாண் மேலே கருகி, உள்ளே மாவாகவே கிடந்தது. கடையைச் சாத்த வேண்டியதாயிற்று.

கட்டட முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் வாடகை வராத கட்டடத்தை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பார்? "சித்திரை வருசத்துக்குள்ள பாண் வெந்தா கடை ஒனக்கும்மா. இல்லாட்டி புடவைக் கடைக்காரனுக்கு விட்டுருவேன்" என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில்தானே அவளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதுவும் போனால் எங்கே போவாள்? தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கால் நீட்ட இடமில்லை. தோட்டத்தில் பேர் பதியாதவர்களைத் துரை தங்கவும் விடமாட்டார்.

"லயத்துக்குத் திரும்பி வர மாட்டேண்ணே" என்றாள் பாக்கியம். "அவரு என்னைக் கூட்டிட்டு வந்தது இந்தக் கடைக்கு. இங்கேயே இருக்கணும்."

அட்டனில் புதிதாகத் திறந்திருக்கும் பேங்கில் கடைக்காரர்களுக்குக் கடன் தருகிறார்கள் என்று தையல்கடைக் காதர் பாய் சொன்னார். நான் இருக்கிறேன், கவலையை விடு என்று தங்கச்சியிடம் சொன்னேன். மச்சான், நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

வெறுங்கையோடு போய்க் கேட்க நாம் என்ன வழிப்போக்கர்களா? நான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் ஸ்டோரில், தேயிலை போடும் டீமேக்கர் ஐயாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். பாக்கியத்தோடு நான் உள்ளே நுழைந்ததும் பேங்கே எழுந்து நின்றது. சரி, எழவில்லை. திரும்பிப் பார்த்தது.

கடன் மேசையில் பெரிய கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மூக்குக் கண்ணாடி, நெற்றியில் விபூதி. தாம்பாளத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"உது என்ன காணும்?"

"தட்டுங்க ஐயா."

"தட்டு எண்டு தெரியுது. என்னத்துக்கு?"

"கேக்க வந்திருக்கோம்ங்க."

"பொம்பிளை கேக்கவோ? இஞ்ச ஒருத்தரும் இல்லை. மனேஜர் கண்டால் லஞ்சம் எண்டு என்ர உத்தியோகம் போயிடும். மேசைக்குக் கீழ வையும்."

வைத்தேன். அவர் ஒரு கடதாசியை எடுத்து, கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டார். மச்சான், நீங்களே சொல்லுங்கள். பேச்சு நடக்கிற இடத்தில் நம் பக்கத்தைக் குறைத்துப் பேசலாமா? நீங்கள் பாக்கியத்தைக் கேட்டு வந்த அன்று, எங்களுக்கு ஒரு கொட்டில் நிறையப் பசு இருக்கிறது என்றேன். நீங்கள் எழுந்துபோய் எட்டிப் பார்த்தீர்கள். ஒற்றைக் கிடேரி நின்றது. "மத்ததெல்லாம் மேயப் போயிருக்கு போல" என்று நீங்களே சபையில் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். இந்த ஆளுக்குத்தான் தங்கச்சி என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே கிளாக்கரிடமும் முறைப்படிதான் பேசினேன். நம் பாண் டயகம வரை போகிறது என்றேன். அது உண்மை, நீங்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில். நானுஓயாவில் ரயிலேற்றிக் கொழும்புக்கும் அனுப்புகிறோம் என்றேன். துரைமார் பங்களாக்களில் நம் பணிஸ் பன் இல்லாவிட்டால் காலைத் தேத்தண்ணியைத் தொடுவதில்லை என்றேன். அந்த மனிதர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். நானும் உற்சாகமாகிவிட்டேன். பாக்கியம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

எழுதி முடித்து அவர் பேனாவை மூடினார். "இவ்வளவு வருமானம் வாற ஆக்களுக்குக் கடன் என்னத்துக்கு? காசு இல்லாதவைக்குத்தான் கடன். அது கிடக்க, நீங்கள் வருமான வரி கட்டுறனீங்களோ?"

பேங்குக்காரர்களை எந்த வகையில் சேர்ப்பது மச்சான்? பெருமையாகச் சொன்னால் தேவையில்லை என்கிறார்கள். அழுதுகொண்டு போனால் திருப்பிக் கட்டமாட்டாய் என்கிறார்களாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாக்கியம் வாழைப்பழத்தைப் பிய்த்துத் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். தலவாக்கலை தாண்டும்போது பழம் தீர்ந்தது. பிறகு, "ஏண்ணே, பொண்ணு குடுக்கிற எடத்துல பேசுற பேச்சைக் கடன் கேக்கிற எடத்துல பேசலாமா?" என்றாள். அதோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுமுறை போனபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதிகம் திறக்கவில்லை. அந்த முறை உங்களால்தான் வில்லங்கம். கடை லைசென்ஸ் உங்கள் பேரில் இருக்கிறதாம்.

"உரிமையாளர் நேரில வந்து சம்மதம் எண்டு ஒப்பம் வைக்க வேணும்" என்றார் கிளாக்கர்.

"அவரு செத்துட்டாருங்க ஐயா. போன தடவையே மரணச் சான்று குடுத்தோமே" என்றாள் பாக்கியம்.

"அது இருக்கு பிள்ளை. இறந்தவர் எண்டதுக்கு அது. சம்மதம் எண்டதுக்கு இது."

"வரச் சொல்லிப் பாக்கிறேங்க" என்றேன் நான். "ஆனா அவரு இப்ப நெரந்தர லீவுல இருக்காரு."

கிளாக்கருக்கு உதடு துடித்தது. மனேஜரின் கண்ணாடிக் கதவை ஒரு தரம் பார்த்து அடக்கிக்கொண்டார். அந்த இடத்தில்தான் இவரும் மனிதர்தான் என்று எனக்குப் பட்டது. லைசென்சைப் பாக்கியம் பேருக்கு மாற்றிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினார்.

மாற்றினோம். போனோம். மனேஜர் இல்லை என்றார்கள். போனோம். கடதாசி கொழும்பிலிருந்து வரவில்லை என்றார்கள். இன்னொரு நாள் கிளாக்கருக்குப் பல்வலி. பஸ் கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன் "லோன் கெடச்சிருச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு பயணத்துக்கும் ஸ்டோரில் எனக்கு ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போனது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நான் இல்லாத நாளில் தேயிலை எப்படிக் காய்ந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வருஷப் பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியாகப் போன அன்று கிளாக்கர் எல்லாக் கடதாசிகளையும் அடுக்கிச் சரிபார்த்தார். பாக்கியத்தின் முகம் மலர்ந்துகொண்டு வந்தது. அப்போதுதான் அதைச் சொன்னார்.

"இனி நான் வந்து பாக்க வேணும். போறணை ஓடினால் எழுதுவன். ஓடுற போறணைக்குத்தான் கடன்."

"ஓடினா எதுக்குங்க கடன்? ஓடலேன்னுதானே கேக்கிறோம்" என்றாள் பாக்கியம்.

"விளங்குது பிள்ளை. விதி அப்பிடி. நிண்டுபோன தொழிலுக்குப் பேங்கு காசு குடுக்காது."

வெளியே வந்து பேங்குப் படியில் உட்கார்ந்து அழுதாள். உங்களை அடக்கம் பண்ணிய அன்றுகூட அவள் அப்படி அழவில்லை மச்சான். அன்று சுற்றிலும் ஆள் இருந்தார்கள், வேலை இருந்தது. இந்தப் படியில் ஒன்றுமில்லை. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தீ விஷயத்தில் என்னிடம் யாரும் விளையாட முடியாது. லண்டனில் யார் தேத்தண்ணி குடித்தாலும் அதில் என் தீ கொஞ்சம் இருக்கிறது. களிமண்ணையும் சாம்பலையும் பிசைந்து, மானாப்புல்லை நறுக்கிப் போட்டு, போறணையின் வெடிப்பை முழுவதும் அடைத்தேன். ஒரு வேளைச் சூட்டைத் தாங்கும். ஒரு வேளைதானே வேண்டும்? காதர் பாய் மாவு கடனுக்கு வாங்கிக் கொடுத்தார். கிளாக்கர் வரும் நேரத்துக்குக் கடைவீதி முழுவதும் பாண் வாங்க வந்து நிற்க வேண்டும் என்று அவரோடு பேசி ஏற்பாடு செய்தேன். அதைப் பாக்கியத்திடம் சொல்லவில்லை.

கிளாக்கர் குடையோடு வந்து இறங்கினார். அன்று நின்ற கூட்டம் தேர்த் திருவிழாவுக்குக்கூட நின்றதில்லை. காதர் பாய் முன்னால் நின்று, "நேத்து வாங்கின பாண் இன்னும் பூ மாதிரி இருக்கு" என்று உரக்கச் சொன்னார். கடை சாத்தி மாதக்கணக்கானது அவருக்கு மறந்துவிட்டது. பாக்கியம் கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

போறணை சூடேறியபோது பின்பக்கம் ஒரு இடத்தில் புகை கசிந்தது. கோட்டோடு போய் அதன் மேல் முதுகை வைத்துச் சாய்ந்துகொண்டேன்.

"ஏன் காணும், போறணையோட ஒட்டிக்கொண்டு நிக்கிறீர்?"

"லிந்துலைக் குளிருங்க ஐயா."

"வேர்க்குதே."

"எனக்குக் குளிர்ந்தா வேர்க்கும்ங்க."

பாக்கியம் நீளப் பலகையால் பாணை இழுத்தாள். மச்சான், அந்த வாசம். கூட்டத்தில் நடிக்க வந்தவர்களெல்லாம் நடிப்பை மறந்து நிஜமாகவே பாணுக்குக் கை நீட்டினார்கள். கிளாக்கர் ஒன்றைப் பிய்த்து ஊதி ஊதித் தின்றார். நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். மடியில் கடதாசியை விரித்துப் பேனாவைத் திறந்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். முதுகு வெந்துகொண்டிருந்தாலும் மனம் குளிர்ந்தது.

அப்போது உங்கள் மனைவி பேசினாள்.

"ஐயா, அண்ணனை அங்கேருந்து நகரச் சொல்லுங்க."

நகர்ந்தேன். புகை வந்தது. கோட்டு முதுகில் ஒரு தோசை அளவுக்குக் கருகியிருந்தது.

"மண்ணு பூசி வச்சிருக்கோம்ங்க. இன்னிக்கி ஒரு நாள்தான் தாங்கும், நாளைக்கி இதுல வேகாது. இவங்கெல்லாம் எங்க மேல உள்ள பிரியத்துல வந்து நிக்கிறாங்க, ஏவாரத்துக்கு இல்ல. கடனை மாசாமாசம் கட்டப்போறவ நான். பொய்ய வச்சு வாங்கினா, கட்டுறப்ப ஒவ்வொரு தடவையும் ஒங்க மூஞ்சியப் பாக்க எனக்குக் கூச்சமா இருக்கும்."

காதர் பாய் பாணை மெதுவாகத் திருப்பித் தட்டில் வைத்தார். கடை போனது, இனிப் புடவைக் கடைதான் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெடிப்பைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் பாக்க வந்தது போறணை ஓடுதோ எண்டு. ஓடினதைக் கண்டன், பாணும் திண்டன். நாளைக்கு ஓடுமோ எண்டு இந்தக் கடதாசியில ஒரு கேள்வியும் இல்லை" என்று சொல்லி எழுதத் தொடங்கினார். பிறகு நிமிராமலே, "பிணை ஆர்?" என்றார்.

"நான்தாங்க."

"என்ன உத்தியோகம்?"

சொல்ல எத்தனையோ இருந்தது மச்சான். பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு போடுறேங்க."

"மாசம் மாசம் சம்பளம் வருதெல்லோ? போதும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் காணும்."

கேட்டதில் பாதிதான் தந்தார்கள். மீதிப் பாதிக்கு நான் செங்கல் சுமந்தேன். அந்தச் செங்கற்களை அடுக்கினால் அட்டன் வரை ஒரு சுவர் வரும். வருஷப் பிறப்புக்கு முதல் நாள் புதுப் போறணையில் தீ ஏற்றினோம். கட்டட முதலாளி வந்து இரண்டு இறாத்தல் பாண் வாங்கினார், காசு கொடுத்து.

இனி ஒரு சங்கதி, நீங்கள் கோபப்படக் கூடாது. கடைக்குப் பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்பது பேங்கின் விதி. உங்கள் பேரைத்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் கிரீடம் ஒன்றும் வரைய வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன்.

"அவரு பேரு எனக்குள்ள இருக்குண்ணே. கடன் என் பேர்ல இருக்கு. பலகையிலயும் என் பேரே இருக்கட்டும்" என்றாள்.

பாக்கியம் பேக்கரி என்று எழுதித் தொங்குகிறது. அதைப் பார்த்திருந்தால் நீங்கள் கோபப்பட்டிருப்பீர்களா, இல்லை என்னை விடப் பெருமைப்பட்டிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போன இடத்தில் பாண் உண்டா மச்சான்? இருந்தால் யார் சுடுகிறார்கள்?

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன், அச்சில் ஏறட்டும், ஊரும் படிக்கட்டும். தவணை கட்டும் நாளில் தங்கச்சியோடு பஸ்ஸில் போவேன். பேங்குப் படியோடு நின்றுகொள்வேன். உள்ளே அவள் பேசுவாள். அவள் வெளியே வரும்வரை வாசல் காவல்காரனிடம்கூட வாயைத் திறக்க மாட்டேன். கடைசித் தவணை கட்டுகிற அன்றைக்கு மட்டும் எனக்கு உத்தரவு கொடுங்கள். அன்று உள்ளே போய் அந்தக் கிளாக்கரோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பாக்கியத்தின் அண்ணன், உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன், எங்கே இருந்தாலும் உங்களுக்கு மச்சினன்
மாரிமுத்து