திரைச்சீலையைக் கழற்றிய விருந்தாளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் இப்போதைக்குச் சண்டையில்லாமல் காலம் தள்ளுகிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு நிரந்தரமாக என்னோடு வந்து இரும்மா என்று நீ கேட்டு மாதம் ஒன்று ஆகப்போகிறது, நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய் அல்லது நான் அழுவேன், அதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் கடிதம். பதில் கடைசியில் இருக்கிறது, நேராக அங்கே தாவாமல் வரிசையாகப் படி.

போன வாரம் மேட்ரன் பெரியம்மாவோடு ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, நான் ஆஸ்பத்திரித் தையல் அறையில் போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க மாடியில் நர்சுகளை நடுங்க வைத்தவள், ஓய்வு பெற்ற விஷயத்தை இன்னும் யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பையில் காய்ச்சல் பார்க்கும் கருவி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கட்டுப் போடும் துணி என்று அடுக்கினாள், ஏரிக்குப் போகிறோமா போருக்குப் போகிறோமா என்று கேட்டேன், இன்னொரு கட்டுத்துணியையும் எடுத்துத் திணித்தாள். போகிற வழியெல்லாம் ஒரே உபசாரம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தன் பிள்ளைக்கு உரித்த பழத்தை எங்கள் வாயில் திணித்தாள். இறங்கி வழி கேட்டோம், அந்த ஊரில் வழி சொல்ல மாட்டார்கள், கூடவே வருவார்கள். கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார், அவரிடம் சாமான் வாங்க வந்தவரும் வேறு வழியில்லாமல் கூட வந்தார், நாங்கள் தங்கப் போகிற வீட்டை அடைந்தபோது சின்ன ஊர்வலமே ஆகியிருந்தது. மேட்ரன் மட்டும் இதெல்லாம் தனக்கு வழக்கம்தான் என்பது போல முன்னால் நடந்தாள்.

மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிற வீடு அது. கணவர் பஸ் டிரைவர், விடியுமுன் போய் இருட்டியபின் வருவார். அவர் மனைவி, அந்த வீட்டுக்காரம்மா, தங்கமான பெண், அவள் செய்த ஒரே கொடுமை எங்களை ஒரு வேலையும் செய்ய விடாததுதான். தட்டை எடுக்கப் போனால், "வைங்கம்மா, நீங்க விருந்தாளி" என்பாள். டீ குடித்த டம்ளரைக் கழுவலாம் என்று எழுந்தால் கையிலிருந்தே பறித்துக்கொள்வாள். ஒருமுறை டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குழாயடிவரை போய்விட்டேன், அங்கேயும் வந்து பிடித்துவிட்டாள். மேட்ரன் மகாராணி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள், வருகிற உபசாரம் எதையும் அவள் வீணாக்க மாட்டாள். நான்தான் போட்டோ பிடிக்கக் காத்திருப்பவள் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்ததில் எங்கள் அறைத் திரைச்சீலை கண்ணில் பட்டது. அடி ஓரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, நடுவில் நூல் வேறு முடிச்சு முடிச்சாக. உனக்கு என்னைத் தெரியும். ஏரியைப் பார்க்க வந்தவள் மூன்று நாளாக அந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது.

கடைசியில் வீட்டுக்காரம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, மேட்ரன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றிவிட்டேன். பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்குமல்லவா, பழைய தையலைப் பிரித்து நேராக மடித்துக் கையாலேயே தைத்து மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கணக்கு. தையலில் கை வைக்குமுன் அவள் திரும்பி வந்துவிட்டாள். மொட்டை ஜன்னலைப் பார்த்தாள், என் மடியில் கிடந்த துணியைப் பார்த்தாள், முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சுக்கங்கம்மா, இவ்வளவு அழுக்கா இருந்தத நான் கவனிக்கவே இல்ல" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அழுக்கு இல்லை, ஓரம் கோணல் என்று எப்படிச் சொல்வது, நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்த அத்தனை திரைச்சீலையும் வாளியில் ஊறியது. உதவிக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் பார்வை நாளைக்குத் தன் ஜன்னல் பக்கம் திரும்புமோ என்ற பயத்தில் தன் வீட்டுத் திரைகளையும் கழற்றி நனைத்தாள். அதற்கென்றே காத்திருந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஒரு துணியும் காயவில்லை. திரையில்லாத ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அன்பாகக் கையசைத்து, நல்லாத் தூங்குனீங்களா, சாப்ட்டாச்சா என்று விசாரித்தார்கள். பல்தேய்க்கும் பிரஷ்ஷும் வாய்நுரையுமாக மேட்ரன் பதிலுக்குக் கையசைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியே கொடுத்துவைக்காத காட்சி.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் அடுப்படி வாசலில் நின்று வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியும் கையுமாக என் பக்கம் திரும்பினாள். போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தாள் பார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தைத்தது அவள் கணவராம். இவள் கை உடைந்து கட்டுப்போட்டிருந்த சமயம், உனக்கு எதுக்குக் கவலை என்று அவரே மெஷினில் உட்கார்ந்து வீடு முழுக்கத் திரை தைத்திருக்கிறார். "பஸ்ஸ நூல் பிடிச்ச மாதிரி ஓட்டுவாருக்கா, மெஷின்தான் அவர் பேச்சக் கேக்கல. ஆசையா தச்சவர்கிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். சொல்லிக்கொண்டே போய்க் கட்டிலடியிலிருந்து மெஷினை இழுத்து என் முன்னால் வைத்தாள். அந்த நிமிஷத்தோடு உபசாரம் முடிந்தது. அம்மா போய் அக்கா ஆகிவிட்டேன். "டீ அடுப்புல இருக்கு, நீங்களே ஊத்திக்கங்கக்கா, எனக்கும் ஒரு டம்ளர்" என்று உள்ளேயிருந்து அதிகாரம் வந்தது. ஊற்றினேன், குடித்தேன், இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. பக்கத்து வீட்டுக்காரி கிழிந்த சட்டைகளைக் கொண்டுவந்து, சாயங்காலத்துக்குள்ள வேணும் என்று மிரட்டிவிட்டுப் போனாள். லீவில் வந்த இடத்தில் டூட்டி பார்க்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று மேட்ரன் திட்டினாள். மறுநாள் பார்த்தால் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து தெருவுக்கே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள், உப்பைக் குறை என்று கடைக்காரருக்கு அதட்டல் வேறு. எல்லாத் திரையையும் சரிசெய்தேன், அவர்கள் படுக்கையறைத் திரை ஒன்றை மட்டும் அது அப்படியே இருக்கட்டும் என்று வீட்டுக்காரம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். ஏரியைக் கேட்பாயே. திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோம், தண்ணீர் நிறைய இருந்தது.

இப்போது பதிலுக்கு வருகிறேன். போன தடவை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் எழுந்தாலே, "நீ உக்காரும்மா, உழைச்சது போதும்" என்றாய். முதுகுக்குத் தலையணை வைத்தாய், காபி கைக்கு வந்தது, துணி மடிக்க எடுத்தால் மாப்பிள்ளை பதறிப்போய் வாங்கிக்கொண்டார். உங்கள் பாசத்தில் நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கண்ணு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். ஏன் அழுகிறேன் என்று அப்போது எனக்கே புரியவில்லை, அந்த வீட்டுக்காரம்மா டம்ளரைப் பறித்தபோதுதான் புரிந்தது. விருந்தாளி என்றால் என்றைக்காவது கிளம்ப வேண்டியவள். பெற்ற மகள் வீட்டில் அப்படி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, அதைவிட இங்கே தனியாக என் முழங்காலோடு சண்டை போடுவேன்.

ஆனாலும் வருகிறேன். என் மெஷினும் வருகிறது, வெளிச்சம் விழுகிற ஜன்னலாகப் பார்த்து இடம் ஒதுக்கி வை. எப்போதாவது, இன்னும் துணி மடிக்கலியா என்று என் மேல் எரிந்து விழு, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வேன், அப்புறம் இரண்டு பேரும் சாப்பிடுவோம். குட்டிக்குக் காதில் குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் வந்து இறங்குகிற அன்று வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு நிற்காதே, தொட்டி நிறையப் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டு வை.

இப்படிக்கு
உன் அம்மா